ஒரு பனியனின் சுற்றுச்சூழல் சுமையை அளப்பது எப்படி: பருத்தி வயலிலிருந்து கைத்துணி வரை

திருப்பூரில் தைக்கப்படும் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். வட்டக் கழுத்து, அரைக்கை, 30-ஆம் நம்பர் கோம்டு நூல் (குட்டை இழைகளைச் சீவி நீக்கியது), சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி, அடர்நீலச் சாயம், எடை 150 கிராம். ஊர்ப்பேச்சில் இதுவும் பனியன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு பொருளின் சுமையை மூலப்பொருள் முதல் கழிவு வரை அளப்பதை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்கிறோம். அதற்கு ஐஎஸ்ஓ 14040, 14044 என்ற இரண்டு தரநிலைகள் உண்டு. நோக்கமும் எல்லையும், தரவுப் பட்டியல், தாக்கக் கணக்கு, விளக்கம் என்று நான்கு கட்டங்களை அவை சொல்கின்றன. ஆனால் முதல் நாள் எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும், எந்த எண்ணை நம்பக் கூடாது என்பதெல்லாம் அவற்றில் இராது. புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது அந்த இடங்களில்தான். பெரும்பாலோர் நேராக மென்பொருளைத் திறக்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். முதலில் கிலோ கணக்கு நேராக வேண்டும். கார்பன் கணக்கு அதற்குப் பிறகு.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு தராசு, கிராம் காட்டுவதாக. சதுர மீட்டருக்குத் துணியின் எடை காண உதவும் ஜிஎஸ்எம் கட்டர் கிடைத்தால் நல்லது. ஒரு விரிதாள் கோப்பு. ஓபன்எல்சிஏ போன்ற இலவச மென்பொருள் பின்னால் போதும். ஈகோஇன்வென்ட் போன்ற கட்டணத் தரவுத்தளத்தை முதல் வாரத்திலேயே வாங்க வேண்டாம். உங்களுக்கு எந்தத் தரவு இல்லை என்பது அப்போது உங்களுக்கே தெரியாது.

இவற்றைவிட முக்கியம் ஆட்கள். டையிங் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், மின்கட்டண ரசீதுகளைக் கோப்பில் வைத்திருக்கும் கணக்கர், இந்த மூவரிடமும் நேரம் கேட்டு வாங்குங்கள். முதலாளியின் அறையில் கிடைக்கும் எண்கள் வட்டமாக இருக்கும், கட்டிங் மேசையில் கிடைப்பவை அப்படி இருப்பதில்லை. இரண்டாவதையே நம்புங்கள்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“இந்தப் பனியனின் பாதிப்பு எவ்வளவு?” என்ற கேள்வியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. “சாயப்பட்டறையின் விறகு பாய்லரை மாற்றினால் ஒரு பனியனுக்கு எவ்வளவு குறையும்?” என்று கேட்டால் எடுக்கலாம். “வாங்குபவருக்கு ஆலை வாசல் வரையான கார்பன் எண் தர வேண்டும்” என்பதும் சரியான கேள்விதான்.

எங்கே ஆழமாகத் தோண்டுவது, எங்கே சராசரி எண்ணைப் போட்டுக் கடப்பது என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. பாய்லர் பற்றிய ஆய்வில் சலவைப் பழக்கத்தை ஆராய்ந்து ஒரு மாதத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. செயல்பாட்டு அலகைத் தீர்மானியுங்கள்

எந்தப் பயனுக்கு, எந்த அளவுக்குச் சுமையைக் கணக்கிடுகிறோம் என்பதே செயல்பாட்டு அலகு. ஒப்பீட்டுக்கு “ஒரு பனியன்” என்ற அலகு போதாது. 30 முறை உடுத்தியதும் வெளுத்துப்போகிற பனியனும் 100 முறை தாங்குகிற பனியனும் ஒன்றாகிவிடும். “ஒரு பெரியவர் மேலாடையாக 100 முறை உடுத்துவது” என்று எழுதினால் முதலாவதில் மூன்றுக்கு மேல் வேண்டும், இரண்டாவதில் ஒன்று போதும். நீடித்து உழைப்பது அப்போதுதான் கணக்கில் தெரியும்.

உடுத்துவதையும் துவைப்பதையும் வேறு வேறாக எழுதுங்கள். சென்னை வெயிலில் ஒரு முறை உடுத்தினாலே துவைக்க வேண்டியிருக்கும். குளிர்நாட்டில் இரண்டு மூன்று முறை உடுத்திவிட்டுத் துவைப்பார்கள். இரண்டையும் ஒரே எண்ணாக்கினால் பயன்பாட்டுக் கட்டம் முழுவதும் தவறாகிவிடும்.

4. எல்லைக்கோடு

வயல், ஜின்னிங் (விதையைப் பிரித்தல்), நூல் மில், நிட்டிங் (துணி பின்னல்), டையிங் (சாயமேற்றல்), காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை இறுக்குதல்), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், போக்குவரத்து, உடுத்தும் காலம், கழிவு. இவற்றைப் பெட்டிகளாக ஒரு தாளில் வரையுங்கள். எல்லைக்கு வெளியே விடும் பெட்டியை அழிக்காமல் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். தையல் இயந்திரத்தைத் தயாரிக்க ஆன இரும்பை விடலாம். அது லட்சக்கணக்கான பனியன்களுக்குப் பகிர்ந்துபோகும். பாலிதீன் உறை சிறியதுதானே என்று விடாதீர்கள். அதன் எடையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஜாப் ஒர்க் முறையில் மறந்துபோகிற பெட்டிகளும் உண்டு. பிரிண்டிங் ஓரிடம், எம்பிராய்டரி ஓரிடம், காலர் ரிப் வேறோரிடம். டெலிவரி சலான்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் துணி போய்வந்த எல்லா முகவரிகளும் வெளிப்படும். பெட்டிப் படத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

5. எடைக் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். முடிந்த பனியனின் எடையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த கழிவைச் சேர்த்தபடி வயல் வரை திரும்பி நடக்க வேண்டும்.

கீழே உள்ள விழுக்காடுகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஆலையின் எண்களை அந்த இடங்களில் போடுங்கள்.

முடிந்த பனியன் 150 கிராம். கட்டிங்கில் துணியின் 85% பயன்பட்டால் மேசைக்கு வந்தது 150 ÷ 0.85, அதாவது 176 கிராம். டையிங்கிலும் காம்பாக்டிங்கிலும் 5% எடை போனால் கிரே துணி, அதாவது சாயமேற்றாத துணி, 186 கிராம். நிட்டிங்கில் 1% இழப்பு என்றால் நூல் 188 கிராம். கோம்டு நூலுக்கு மில்லில் 75% பஞ்சு மட்டுமே நூலாகிறது என்று கொண்டால் பஞ்சு 250 கிராம். ஜின்னிங்கில் விதைப்பருத்தியின் 34% பஞ்சாகக் கிடைத்தால் வயலிலிருந்து வந்தது சுமார் 735 கிராம்.

நூற்றைம்பது கிராம் பனியனுக்குக் கால் கிலோ பஞ்சு. நான் முதன்முதலில் செய்த கணக்கில் பனியன் எடையையே பஞ்சின் எடையாகப் போட்டேன். வயலின் பங்கு 40% குறைந்துபோனது. அறிக்கை அழகாக இருந்தது. ஒரு நூல் மில்காரர் ஒரே பார்வையில் சிரித்துவிட்டார்.

கழிவுகளைக் கூட்டும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. 15% இழப்பைச் சேர்க்க 150-ஐ 1.15-ஆல் பெருக்குவது ஒன்று. இழப்பு உள்ளே போன எடையில் கணக்கிடப்படுவதால் 0.85-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் வித்தியாசம் நான்கு கிராம்கூட இல்லை. ஐந்து கட்டத்தில் அது பெருகிவிடும். அடுத்தது, செக்கிங்கில் தள்ளுபடியாகும் பீஸ்கள். நூறு தைத்து 97 தேறினால் மீதி மூன்றின் சுமையையும் அந்த 97-தான் சுமக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பஞ்சும் துணியும் ஈரத்தை உறிஞ்சும். மழை நாளில் எடுத்த எடையும் சித்திரை வெயிலில் எடுத்த எடையும் ஒத்துப்போகாது. சலானில் உள்ள எடையோடு உங்கள் தராசு எடை சில விழுக்காடு முரண்பட்டால் யாரையும் சந்தேகிக்கும் முன் ஈரப்பதத்தைப் பாருங்கள்.

6. ஆலைத் தரவு சேகரிப்பு

ஓராண்டுத் தரவு கேளுங்கள். ஒரு மாதத்தை மட்டும் எடுத்தால் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியோ விடுமுறை மந்தமோ அதில் சிக்கிக்கொள்ளும். ஆண்டு மொத்த யூனிட்டை ஆண்டு மொத்தக் கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை யூனிட் என்பது கிடைக்கும்.

மின்கட்டண ரசீதில் முதலில் பார்க்க வேண்டியது கணக்கெடுத்த தேதிகள். உயர்அழுத்த இணைப்புக்கு மாதாமாதம் ரசீது வரும். தாழ்அழுத்த இணைப்புகள் பலவற்றுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. இரண்டு மாத யூனிட்டை ஒரு மாத உற்பத்தியால் வகுத்துவிட்டு, “இந்த ஆலை ஏன் இவ்வளவு மின்சாரம் குடிக்கிறது” என்று மலைத்தவர்கள் உண்டு.

அடுத்து, ஒரு மீட்டரில் என்னென்ன ஓடுகின்றன என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல் நடந்தும் பாருங்கள். ஓர் ஆலையில் காம்பாக்டிங் என்று எனக்குக் கொடுத்த மீட்டரில் பக்கத்துக் கட்டடத்தின் நிட்டிங் இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் பொய் சொல்லவில்லை. மீட்டர் பெயர் மாறி ஆறு ஆண்டாகியிருந்தது. அங்கே ஒரு வாரம் துணை மீட்டர் பொருத்தித்தான் பிரிக்க முடிந்தது.

ஜெனரேட்டர் டீசல் தனி வரி. ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. பெட்ரோல் பங்க் ரசீதில் முதலாளியின் காரும் கலந்திருக்கும், அதைப் பிரித்தெடுங்கள்.

பொது மின்கட்டமைப்பிலிருந்து வரும் மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் உமிழ்வுக் காரணியை (யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற எண்ணை) எடுங்கள். அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி இருக்கிறது. எந்த ஆண்டின் பதிப்பு என்பதை எழுதிவையுங்கள். நம் பனியனின் 188 கிராம் நூலுக்கு, கிலோவுக்கு 4 யூனிட் என்று வைத்தால், 0.75 யூனிட், ஏறக்குறைய அரை கிலோ கரியமில வாயு. வேறெந்தக் கட்டத்தையும் தொடும் முன் நூல் மில்லின் ரசீதைத் துரத்துவது இதனால்தான். தைக்கும் கம்பெனியின் விளக்குகளை எல்இடி ஆக்கினால் எவ்வளவு குறையும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மில்லின் எண்ணுக்குப் பக்கத்தில் அது தூசு.

காற்றாலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொங்கு வட்டாரத்து மில்கள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. “எங்கள் மின்சாரம் காற்றுதான், பூஜ்யம் போடுங்கள்” என்பார்கள். போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆண்டு உற்பத்தி எத்தனை யூனிட்? அதில் மில்லின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது எவ்வளவு? அந்த மின்சாரத்துக்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் வேறு யாருக்காவது விற்கப்பட்டதா? சான்றிதழை விற்றுவிட்டால் காற்றின் பெருமை வாங்கியவருக்குப் போய்விட்டது. மில்லும் அதைக் கோரினால் ஒரே யூனிட் இரண்டு முறை எண்ணப்படும். அறிக்கையில் கட்டமைப்புச் சராசரிப்படி ஓர் எண், ஒப்பந்தப்படி ஓர் எண் என இரண்டையும் காட்டுவதுதான் நேர்மை.

7. பருத்தி வயலும் ஒதுக்கீட்டுச் சிக்கலும்

தமிழ்நாட்டு மில்களுக்குப் பஞ்சின் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா போன்ற மாநிலங்களிலிருந்து வருகிறது. வயலுக்குப் போய் அளக்க முடியாவிட்டாலும், பஞ்சு பேல் (பொதி) எந்த மாநிலத்துச் சரக்கு என்பதை மில்லில் கேட்டு வாங்குங்கள். “இந்தியப் பருத்தி” என்ற சராசரி, மானாவாரி வயலையும் கிணற்றுப் பாசன வயலையும் ஒன்றாக்கிவிடுகிறது. நாட்டின் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. நீர்க் கணக்கு இங்கேதான் தலைகீழாகும்.

உரத்திலிருந்து தொடங்குங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46% நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. அதில் 1% நைட்ரஸ் ஆக்சைடில் உள்ள நைட்ரஜனாக வெளியேறுகிறது என்பது ஐபிசிசி (பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு) தரும் பொது மதிப்பு. நைட்ரஜன் எடையை நைட்ரஸ் ஆக்சைடு எடையாக்க, 0.207-ஐ 44/28-ஆல் பெருக்கினால் 0.325 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு. ஆக, ஒரு மூட்டைக்கு 89 கிலோ கரியமில வாயு சமானம், யூரியா ஆலையின் உமிழ்வைச் சேர்க்காமலே. 44/28 பெருக்கலை விட்டுவிடுவது மாணவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது செய்யும் பிழை.

ஹெக்டேருக்கு 120 கிலோ நைட்ரஜன், 450 கிலோ பஞ்சு என்று வைத்தால், கிலோ பஞ்சுக்கு இந்த ஒரு வாயுவால் மட்டும் 1.14 கிலோ. ஆனால் அந்த வயல் பஞ்சை மட்டுமா தந்தது? விதையும் வந்தது, எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் போனது. சுமையை இரண்டுக்கும் பகிர வேண்டும். இதைத்தான் ஒதுக்கீடு என்கிறோம்.

எடைப்படி பகிர்ந்தால் பஞ்சின் பங்கு சுமார் 35%. விலைப்படி பகிர்ந்தால் கதை மாறும். பஞ்சு கிலோ ₹150, விதை ₹35 என்று உதாரணத்துக்கு வைத்தால் பஞ்சின் பங்கு ஏறத்தாழ 70%. நம் பனியனின் கால் கிலோ பஞ்சுக்கு உரத்தின் வாயு, முதல் முறையில் 0.1 கிலோ, இரண்டாவதில் 0.2 கிலோ. வயலில் ஒரு செடிகூட மாறவில்லை, பேனா பிடித்தவர் மட்டும் மாறினார். ஜவுளித் துறையில் விலைவழி ஒதுக்கீடுதான் அதிகம் புழங்குகிறது. விவசாயி பருத்தி விதைப்பது முதன்மையாகப் பஞ்சுக்காக என்பதால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எதை எடுத்தாலும் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள்.

இதே கேள்வி மில்லில் சீவும்போது விழும் குட்டை இழையான நாயிலுக்கும் கட்டிங் வேஸ்டுக்கும் உண்டு. இரண்டும் விற்கப்படுகின்றன, திரும்ப நூலாகின்றன. வயலில் ஒரு முறை, மில்லில் இன்னொரு முறை என்று மாற்றிக்கொள்ளாமல், தேர்ந்த முறையைக் கடைசி வரை வைத்திருங்கள்.

8. சாயப்பட்டறை

இந்தக் கட்டத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பனியன் எந்த நிறம் என்பதை எழுதாத ஆய்வைப் படிக்கவே வேண்டாம்.

ஏன் என்று பாருங்கள். 186 கிராம் கிரே துணி, துணிக்கு எட்டு மடங்கு தண்ணீர். சாயத்தொட்டியில் ஒன்றரை லிட்டர். அடர்நிறத்துக்கு ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் 89 கிராம். 150 கிராம் பனியனுக்கு 90 கிராம் உப்பு! வெளிர்நிறத்துக்கு லிட்டருக்கு 20 கிராம் போதும் என்றால் 30 கிராம். உப்பு துணியில் தங்குவதில்லை, சாயத்தை ஏற்றிவிட்டுத் தண்ணீரோடு வெளியேறுகிறது. சாயத்திலும் ஒரு பகுதி துணியில் பிடிக்காமல் போகும்.

அந்த உப்புநீர் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரை போனதை இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைதான் இங்கே நிபந்தனை. சவ்வு வழியாகச் சுத்திகரித்து, மிஞ்சும் உப்புநீரை நீராவியால் வற்றவைத்து, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள்.

கணக்குப் போடுகிறவருக்கு இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

உள்ளே ஓடும் தண்ணீரை நுகர்வாக எழுதுவது முதல் பொறி. கிலோவுக்கு 60 லிட்டர் ஓடினாலும் 90% திரும்பி வந்தால் புதிதாக வாங்கியது 6 லிட்டர்தான். லாரித் தண்ணீர் ரசீதும் ஆழ்துளைக் கிணற்று மீட்டரும் உண்மையைச் சொல்லும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆற்றலை மறப்பது இரண்டாவது. பட்டறையின் மின்கட்டணத்தில் அது வராது. வேறு வளாகம், வேறு மீட்டர். ஆனால் சவ்வுக்கு அழுத்தமும் வற்றவைக்க நீராவியும் அங்கேதான் செலவாகின்றன. பட்டறை அனுப்பிய கனமீட்டருக்கு ஏற்ப அதன் பங்கைப் போடுங்கள். வெளிநாட்டுத் தரவுத்தளத்தின் டையிங் எண்ணை எடுத்துக்கொண்டால் இந்த ஆற்றல் அதில் இருக்க வாய்ப்பில்லை. நதியைக் காப்பாற்றியதற்குக் கொடுத்த விலை வேறொரு பத்தியில் கார்பனாக ஏறியிருக்கிறது. அது தெரியும்படிதான் கணக்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது, விறகு. பாய்லரில் எரியும் சவுக்கையோ சீமைக் கருவேலத்தையோ மரத்தில் இருந்த கார்பன்தானே என்று பூஜ்யமாக்குகிறார்கள். அதைத் தனி வரியில் உயிர்வழிக் கார்பன் என்று எழுதுங்கள். வெட்டி லாரியில் கொண்டுவந்த டீசலையும், எரியும்போது வரும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் வழக்கமான வரியில் சேருங்கள். விறகை டன் கணக்கில் வாங்குகிறார்கள், ஈரத்தோடு. 30% ஈரம் உள்ள டன்னையும் காய்ந்த டன்னையும் ஒரே வெப்பமதிப்பில் போடக் கூடாது.

வற்றவைத்த பிறகும் திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாக மிஞ்சுகிறது. அதற்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும்.

9. போக்குவரத்து

டன்னேஜும் தூரமும் பெருக்க வேண்டியதுதான், வேகமாகக் கடக்கலாம். கால் கிலோ பஞ்சு சௌராஷ்டிரத்திலிருந்து 1800 கிலோமீட்டர் லாரியில் வந்தால், டன்-கிலோமீட்டருக்கு 0.1 கிலோ என்ற காரணியில், 45 கிராம் கரியமில வாயு. உறையோடு 170 கிராம் பனியன் தூத்துக்குடியிலிருந்து சூயஸ் வழியாக வட ஐரோப்பாவுக்கு 12,500 கிலோமீட்டர் கப்பலில் போனால் 30 கிராமை ஒட்டி.

அதே பனியன் கெடு தவறி விமானத்தில் ஏறினால்? 7600 கிலோமீட்டர், டன்-கிலோமீட்டருக்கு 0.6 முதல் 1 கிலோ. முக்கால் கிலோவிலிருந்து 1.3 கிலோ வரை! நூல் மில்லின் பங்கையே மிஞ்சிவிடும். ஆண்டில் எத்தனை விழுக்காடு பீஸ்கள் விமானத்தில் போயின என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் தனியாகக் கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார். சொல்லும்போது முகம் வாடும்.

10. உடுத்தும் காலம்

தரவுத்தளங்களில் இருக்கும் சலவை, பெரும்பாலும் ஐரோப்பியச் சலவை. வெந்நீர், உலர்த்தும் இயந்திரம். நம் வீட்டுக் கொடியும் வெயிலும் அதில் இல்லை.

இரண்டு வீடுகளைப் பாருங்கள். மதுரையில் ஒரு வீடு: குளிர்நீரில் 5 கிலோ துணி, ஒரு சுற்றுக்கு 0.2 யூனிட், கொடியில் உலர்த்தல். பனியனின் பங்கு 3%. ஐம்பது சலவைக்கு 0.3 யூனிட். ஜெர்மனியில் ஒரு வீடு: 40 பாகை வெந்நீர், 4 கிலோ துணி, சலவைக்கு 0.7 யூனிட், உலர்த்த 2 யூனிட். ஐம்பது சலவைக்கு 5 யூனிட். பதினாறு மடங்குக்கும் மேல். விற்பனை எந்த நாட்டில் என்று தெரியாமல் இந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

மதுரை வீட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1000 வாட் இஸ்திரிப்பெட்டியால் ஒரு பனியனை இரண்டு நிமிடம் தேய்த்தால், பாதி நேரம் சூடு தானாக அணைந்திருந்தாலும், ஐம்பது முறைக்கு 0.8 யூனிட். சலவையைவிட இரண்டரை மடங்கு. தெருமுனை இஸ்திரி வண்டியில் கரி போட்டுத் தேய்த்தால் அதற்கான தரவு எந்தத் தளத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கரி, எத்தனை துணி என்று வண்டிக்காரரிடமே கேட்டு வகுத்துக்கொண்டேன்.

11. பழைய துணி

“குப்பைமேடு 100%” என்று போடுவது நம் வீடுகளுக்குப் பொருந்தாது. தம்பிக்குப் போகும், பிறகு அடுப்படியில் பிடிதுணியாகும், தரை துடைக்கும், கடைசியில் பைக் துடைத்துத் தூக்கி எறியப்படும். எத்தனை முறை உடுத்தப்பட்டது என்பதை இந்தக் கைமாற்றம் கூட்டுகிறது. அந்த எண்ணிக்கையை 3-ஆம் படியில் உள்ள அலகில் திருத்துங்கள், இங்கே தனிச் சலுகை தர வேண்டாம்.

மறுபயன்பாட்டுக்குச் சலுகை கொடுத்தே ஆக வேண்டுமானால், ஒரு பழைய பனியன் ஒரு புதிய பனியனை முழுவதுமாக விலக்குகிறது என்று எண்ணாதீர்கள். வீட்டில் கைத்துணி இல்லாவிட்டால் புதிய பனியனை வாங்கியா கிழிக்கப்போகிறோம்?

பருத்தியில் உள்ள கார்பனும் இங்கே முடிவுக்கு வருகிறது. 150 கிராம் பனியனில் சுமார் 240 கிராம் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பன் இருக்கிறது. செடி அதைக் காற்றிலிருந்து எடுத்தது. ஆலை வாசலோடு நிறுத்தும் ஆய்வில் அதைக் கழித்துக்கொண்டு எண்ணைச் சிறிதாக்குகிறார்கள். எரித்தாலும் மக்கினாலும் அது திரும்ப வெளியேறும். குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் மக்கினால் ஒரு பகுதி மீத்தேனாக வரும். கழிப்பதாக இருந்தால் கடைசியில் கூட்டவும் வேண்டும்.

12. இப்போது மென்பொருளைத் திறக்கலாம்

கிலோ, யூனிட், லிட்டர் என்று பட்டியல் நிறைந்த பிறகு தாக்கமாக மாற்றும் வேலை எளிது. காரணிகளை ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு ஐபிசிசி ஐந்தாம் அறிக்கையில் 265, ஆறாம் அறிக்கையில் 273. இரண்டையும் கலந்தால் எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது.

கார்பனோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய ஆணையத்தின் முறையில் 16 தாக்க வகைகள் உள்ளன. பனியனுக்குப் பருவநிலை, நீர்ப் பற்றாக்குறை, நன்னீரில் சத்து மிகுதல், நச்சுத்தன்மை, நிலப் பயன்பாடு என ஐந்தையாவது பாருங்கள்.

நீருக்கு வரும்போது “ஒரு டி-ஷர்ட்டுக்கு 2700 லிட்டர்” என்ற புகழ்பெற்ற எண்ணை யாராவது நீட்டுவார்கள். நீரடித்தட முறையில் செடி குடித்த மழையும் பாசன நீரும் மாசை நீர்க்கவைக்கத் தேவைப்படும் கற்பனை நீரும் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. மழையை நம்பிய விதர்பா வயலுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சும் வயலுக்கும் அந்த ஒரே எண்ணைப் போடுவதில் பொருளில்லை. பாசன நீரை மட்டும் எடுத்து, இடத்தின் தட்டுப்பாட்டுக்கு ஏற்ப 0.1 முதல் 100 வரை எடைபோடும் அவேர் முறையைப் பயன்படுத்துங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நொய்யலைக் கெடுத்த உப்பை இந்தத் தாக்க வகைகள் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. 90 கிராம் உப்பு வெளியேறினாலும் வரைபடத்தில் பட்டை உயராது. அதனால் உப்பின் எடையைத் தாக்கமாக மாற்றாமல் பட்டியல் எண்ணாகவே அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள். மென்பொருள் காட்டாததை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

13. விடையைச் சந்தேகியுங்கள்

முதலில் அளவைப் பாருங்கள். ஆலை வாசல் வரை 0.3 கிலோ என்றோ 30 கிலோ என்றோ வந்தால், எங்கோ கிராமும் கிலோவும் கலந்துவிட்டன. அடுத்து எந்தப் படி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். நூலும் டையிங்கும் பின்னால் போய் பேக்கிங் முன்னால் நின்றால் ஏதோ ஓர் அட்டைப்பெட்டியை ஒரு பனியனுக்கே எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு நான்கு எண்களை மட்டும் ஆட்டிப் பாருங்கள்: உடுத்தும் எண்ணிக்கை, மின்சாரக் காரணி, ஒதுக்கீட்டு முறை, கட்டிங் விழுக்காடு. எதை ஆட்டினால் 2-ஆம் படியில் எழுதிய கேள்விக்கு விடை மாறுகிறதோ, அந்த எண்ணுக்கு மட்டும் திரும்ப ஆலைக்குப் போங்கள். மற்றவற்றை இன்னும் துல்லியமாக்குவது நேர விரயம். 3.8472 கிலோ என்று நான்கு தசமம் எழுதுவதும் வேண்டாம்; உங்கள் விறகின் ஈரமே அந்தத் துல்லியத்தில் தெரியாது.

14. வெளியிடும் முன்

உள்ளுக்குள் பயன்படுத்த இதுவரை செய்தது போதும். “எங்கள் பனியன் அவர்களுடையதைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது” என்று பொதுவெளியில் சொல்வதாக இருந்தால் ஐஎஸ்ஓ 14044-இன்படி வெளி வல்லுநர் குழு சரிபார்க்க வேண்டும். தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர். இந்தியாவில் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப்பூச்சுக்கு (ஆதாரமில்லாமல் பசுமை என்று காட்டிக்கொள்வதற்கு) எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. உறையில் “பசுமை” என்று ஒற்றைச் சொல் அச்சிட்டால் அதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டிவரும்.

விரிதாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று நெடுவரிசைகள் விடுங்கள்: யார் சொன்னது, எந்தத் தேதி, அளந்ததா மதிப்பிட்டதா. பட்டறை பாய்லரை மாற்றினாலோ மில் புதிய காற்றாலை ஒப்பந்தம் போட்டாலோ அந்த வரிகளை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டலாம். எனக்கு முன் ஒருவர் செய்த கோப்பில் இந்த மூன்று நெடுவரிசைகள் இல்லாததால் முழு ஆய்வையும் பஞ்சிலிருந்து திரும்பச் செய்தேன், ஐந்து மாதம்.